நீக்கிய பின்னும் நீங்காத கோப்புகள்

வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலி செய்கிறார். கட்டில், பீரோ, அண்டா, குண்டான் எல்லாம் வண்டி ஏறிவிடுகின்றன. ஆனால் சுவரில் காலண்டர் மாட்டிய ஆணியும், சமையலறை அலமாரியில் விரித்த பழைய செய்தித்தாளும் அப்படியே இருக்கின்றன. கணிப்பொறியிலிருந்து ஒரு செயல்நிரலை நீக்கும்போதும் ஏறக்குறைய இதுவே நடக்கிறது. ஆணிகள் வெறுமனே இருந்தால் தொல்லையில்லை. சில சமயம் அவை வேட்டியைக் கிழித்தும் விடுகின்றன.

எங்கள் கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே லினக்ஸில் இயங்கும் கணிப்பொறி ஒன்று உண்டு. அளவீடுகளை அட்டவணையிட்டு வரைபடம் வரையும் நிரல் ஒன்றை அதில் வைத்திருந்தோம். செய்முறைத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மாணவி ஒருவர் முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்கிட்டார். முப்பட்டகக் கோணம் 60 பாகை, சிறும விலகு கோணம் 39 பாகை. விடை 1.52 வரவேண்டும். வந்ததோ 0.70! அதை நம்பினால், வெற்றிடத்தைக் காட்டிலும் கண்ணாடியில் ஒளி விரைந்து செல்கிறது என்றாகும். சைன் 30-க்கு 0.5 தரவேண்டிய நிரல் −0.988 தந்துகொண்டிருந்தது. கோணத்தைப் பாகையாகக் கொள்ளாமல் ரேடியனாகக் கொண்டுவிட்டது என்பது புரிகிறதல்லவா? (அதே அட்டவணையைப் பயன்படுத்திய வேறு சிலர் ஓசைப்படாமல் 1.5 என்று ஏட்டில் எழுதியிருந்ததையும் அன்றுதான் கண்டேன்.)

நிரல் பழுதாகிவிட்டது என்றெண்ணிய மாணவி அதை நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினார். மீண்டும் 0.70. இரண்டாம் முறையும் அதே 0.70. புதிய நிரலுக்குப் பழைய பிழை எப்படித் தெரிந்தது?

நிரலோடு தொடர்புடைய கோப்புகள் இரு வகை. நிறுவும்போது வட்டில் வைக்கப்படுபவை ஒரு வகை. நிரல் இயங்கும்போது தானாகவே எழுதிக்கொள்பவை மற்றொரு வகை. எழுத்து என்ன அளவு, சாளரம் எவ்வளவு அகலம், கோணம் பாகையா ரேடியனா என்ற நம் விருப்பங்களை அது ஒரு சிறு கோப்பில் குறித்து வைக்கிறது. இதனை அமைவுக் கோப்பு என்பர். முந்தைய ஆண்டு மாணவர் யாரோ ரேடியனைத் தேர்ந்திருக்க வேண்டும். ஆய்வகத்தில் அனைவருக்கும் ஒரே பயனர் கணக்கு ஆதலால், அக்குறிப்பு அடுத்த ஆண்டினருக்கும் சொத்தாக வந்துவிட்டது.

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் நிரல்களை நிறுவி நீக்குவது டிபிகேஜி என்னும் நிரலின் பொறுப்பு. அதனைக் கண்டிப்பான ஸ்டோர் கீப்பர் எனலாம். தான் எந்தெந்தக் கோப்பை எங்கு வைத்தது என்று பேரேடு வைத்திருக்கும். நீக்கச் சொன்னால் பேரேட்டைப் பார்த்தே எடுக்கும். அப்போதும் கணிப்பொறி முழுவதற்குமான அமைவுக் கோப்புகளை விட்டுவைக்கும். மறுபடி நிறுவுவோருக்கு அவை உதவக்கூடும் அல்லவா? அவற்றையும் ஒழிக்க ‘பர்ஜ்’ என்னும் தனிக் கட்டளை தேவை. ஆனால் பயனரின் சொந்த அடைவில் நிரல் எழுதியவை பேரேட்டிலேயே இல்லை. ‘பர்ஜ்’ கட்டளையும் அவற்றைத் தொடாது. இது குறையன்று, ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து பொருளை எடுக்கலாகாது என்ற நியாயமே.

சரி, இக்கோப்புகள் நம் கண்ணில் ஏன் படுவதில்லை? இவற்றுள் பலவற்றின் பெயர் ஒரு புள்ளியில் தொடங்குகிறது. 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அதில் ஒற்றைப் புள்ளி நடப்பு அடைவையும், இரட்டைப் புள்ளி அதன் மேல் அடைவையும் குறிக்கும். கோப்புப் பட்டியலில் இவ்விரண்டும் வந்து தொல்லை தரவே, முதலெழுத்து புள்ளியாயின் காட்டாதே என்று சுருக்கமாக எழுதிவிட்டனர். புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களும் அதனால் மறைந்தன. அந்தச் சோம்பல்தான் மறை கோப்புகளுக்குத் தோற்றுவாய் என்று, பின்னாளில் அங்கே பணியாற்றிய ராப் பைக் 2012-இல் எழுதினார். மறைவிடம் கிடைத்ததும் ஒவ்வொரு நிரலும் அங்கே மூட்டை இறக்கத் தொடங்கியது. 2003-இல் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது: விருப்பங்கள் ‘.கான்ஃபிக்’ அடைவிலும், தரவுகள் ‘.லோக்கல்’ அடைவிலும், தற்காலிகச் சேமிப்பு ‘.கேஷ்’ அடைவிலும் இருக்க வேண்டும் என்பது அது. எல்லா நிரல்களும் அதைப் பின்பற்றுவதில்லை.

இவை வட்டை அடைத்துக்கொள்கின்றன என்பதே பலரின் கவலை. கணக்கிட்டுப் பார்ப்போம். வட்டில் இடம் பொதுவாக 4,096 பைட்டுத் தொகுதிகளாக ஒதுக்கப்படுகிறது. 300 பைட்டுக் கோப்பும் ஒரு முழுத் தொகுதியை எடுத்துக்கொள்ளும். இத்தகைய கோப்புகள் 2,000 இருந்தாலும் ஏறத்தாழ 8 மெகாபைட்; கைப்பேசியில் எடுத்த இரண்டு மூன்று படங்களின் அளவுதான். ‘.கேஷ்’ மட்டும் பெருத்துவிடுவதுண்டு. அதைத் துடைத்தாலும் நிரல்கள் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும்.

மற்றவற்றில் அவசரம் கூடாது. தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் நிரல் தன் விருப்பங்களோடு, நமக்கு வந்த கடிதங்களையும் அதே மறை அடைவில்தான் வைக்கிறது. ‘பழைய குப்பை’ என்று அழித்தால் கடிதங்கள் போய்விடும். விண்டோஸில் இத்தகைய குறிப்புகள் ரெஜிஸ்ட்ரி என்னும் தொகுப்பிலும், ‘ஆப்டேட்டா’ அடைவிலும் தங்குகின்றன. ரெஜிஸ்ட்ரியைத் துப்புரவு செய்வதாகக் கூறும் நிரல்களை மைக்ரோசாஃப்டே ஆதரிப்பதில்லை.

கோப்பின் தேதியைப் பார்த்துப் பயனற்றதை அறியலாமே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் பட்டியலில் வழக்கமாகத் தெரிவது கடைசியாக எழுதப்பட்ட தேதி. ஐந்தாண்டுகளுக்கு முன் எழுதிய அமைவுக் கோப்பை நிரல் இன்று காலைகூடப் படித்திருக்கலாம்.

நாங்கள் எதையும் அழிக்கவில்லை. நிரலை மூடிவிட்டு, மறை கோப்புகளைக் காட்டச் செய்து, அதன் அமைவு அடைவின் பெயரோடு ‘பழையது’ என்று மட்டும் சேர்த்தோம். பிறகு நிரலைத் திறந்தபோது, தன் குறிப்புகளைக் காணாமல் அது புதிதாக எழுதிக்கொண்டது. சைன் 30-க்கு 0.5 வந்தது. 1.5 என்று எழுதியிருந்தவர்களை மறுபடி கணக்கிடச் சொன்னேன். பெயர் மாற்றிய அடைவு இன்னும் அங்கேயே இருக்கிறது. பருவத் தேர்வு முடிந்த பிறகு நீக்குவோம்.