குற்றம் ஆடியிலா, குழலிலா?

சொந்தக் கையால் ஆடி தேய்த்துத் தொலைநோக்கி ஒன்றை அமைத்துவிட்டீர்கள். ஆவலுடன் சனிக் கோளின்பால் திருப்புகிறீர்கள். வளையம் தெரிகிறது; ஆனால் கூர்மையில்லை. குமிழைச் சற்றே திருகினால் உருவம் தெளிவான இடத்தைத் தாண்டிவிடுகிறது. திரும்பக் கொணர்ந்தால் மறுபக்கம் தாண்டுகிறது. "ஆடியைச் சரியாகத் தேய்க்கவில்லை போலும்" என்று மனம் சோர்ந்துபோகிறது அல்லவா?

எங்கள் கல்லூரி மாணவர்கள் மூன்று மாதம் பாடுபட்டுத் தேய்த்த 15 செ.மீ. ஆடியை, 2018ஆம் ஆண்டில், நானும் இவ்வாறே குறைகூறினேன். மேற்பூச்சை நீக்கி மீண்டும் தேய்க்கச் சொல்லவும் இருந்தேன். நல்லவேளையாகச் சொல்லவில்லை. குற்றம் ஆடியில் இல்லை. கண்ணருகு வில்லையைத் தாங்கும் குழலில் இருந்தது.

வில்லையை முன்னும் பின்னும் நகர்த்திக் குவியத்தில் நிறுத்தும் இவ்வமைப்பைக் குவிப்பான் என்போம். அது எவ்வளவு நுட்பமாக நகரவேண்டும்? கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

ஆடியின் குவியத் தொலைவை அதன் விட்டத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆடிக்குக் குவியத் தொலைவு 120 செ.மீ.; ஆகவே ஈவு 8. இந்த ஈவின் வர்க்கத்தை ஒளியின் அலைநீளத்தைப்போல் இரு மடங்கால் பெருக்குங்கள். குவியத்திலிருந்து எவ்வளவு விலகும்வரை உருவம் கெடாது என்னும் எல்லை கிடைக்கும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மி.மீ. எனவே எல்லை ஒரு பக்கத்துக்கு 0.07 மி.மீ.; இரு பக்கமும் சேர்த்து 0.14 மி.மீ. ஈவு 5 ஆக உள்ள ஆடிக்கோ மொத்தமே 0.055 மி.மீ.தான். தலைமயிரின் பருமனை ஒத்த அளவு இது!

எங்கள் பழைய குவிப்பான் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்டது. குமிழை ஒருமுறை சுற்றினால் குழல் 3 செ.மீ. நகரும். அப்படியானால் 0.14 மி.மீ. நகர்த்தக் குமிழை 1.7 பாகையே திருப்பவேண்டும். எந்த விரலால் இது இயலும்? போதாக்குறைக்குக் குழலிலும் ஆட்டம் இருந்தது. எங்கள் ஆடியின் குவியத்தில் வளையத்துடன் கூடிய சனியின் உருவம் கால் மி.மீ. அளவே. குழல் ஒரு மி.மீ. ஆடினாலும் கோள் நான்கு மடங்கு தூரம் துள்ளும்.

உங்கள் கருவியைச் சோதிப்பது எளிது. ஒளிமிக்க விண்மீன் ஒன்றைப் பார்வைப் புலத்தின் நடுவில் நிறுத்துங்கள். குழலை விரலால் மெல்ல அசைத்துப் பாருங்கள். விண்மீன் துள்ளினால் குழல் தளர்ந்துள்ளது. பிறகு குவியத்துக்கு உள்ளும் வெளியும் சம தொலைவு நகர்த்துங்கள். இருபுறமும் விண்மீன் ஒரேவிதமான வட்டத் தட்டாக விரிந்தால் ஆடியைப் பழிக்கவேண்டாம்.

பரிகாரம் என்ன? செலவு குறைந்தது திருகுக் குவிப்பான். குழாய்ச் சாமான் கடையில் ஒன்றேகால் அங்குல அளவில் மரை வெட்டிய குழாய்த் துண்டும், அதற்கேற்ற ஃபிளாஞ்சும் கிடைக்கும். இவ்வளவுக் குழாயில் அங்குலத்துக்கு 11 மரை. ஒரு சுற்றுக்கு நகர்வு 2.3 மி.மீ. ஆகவே 0.14 மி.மீ. நகர்த்த 22 பாகை திருப்பலாம். பழையதைப்போல் 13 மடங்கு நுட்பம்! முனை ஒடுங்கிய மரை பாதி வழியில் இறுகிவிடும்; ஒரே விட்டமாக நீள வெட்டிய மரையைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டமிருந்தால் குழாய்க்காரர் சுற்றும் டெஃப்லான் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். வில்லை பொருந்த உள்ளே ஓர் உறை வைத்து, உட்புறத்தில் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசுங்கள்.

சற்றுக் கூடுதலாகச் செலவிட முடிந்தோர்க்குக் கிரேஃபோர்ட் குவிப்பான் உண்டு. லண்டனை அடுத்த கிரேஃபோர்டின் வானியல் சங்கத்தைச் சேர்ந்த ஜான் வால் 1970களின் தொடக்கத்தில் இதனை வெளியிட்டார். இதில் பற்களே இல்லை. நான்கு பேரிங்குகளின்மேல் குழலை ஓர் அச்சுத்தண்டு அழுத்திப் பிடித்து, உராய்வினாலேயே நகர்த்துகிறது. பற்கள் இல்லாததால் பற்களுக்கிடையேயான தளர்வும் இல்லை. அவர் இதற்குக் காப்புரிமை பெறவில்லை. எல்லோரும் செய்துகொள்ளட்டும் என விட்டுவிட்டார். இன்று பத்தில் ஒரு பங்கு வேகத்தில் நகர்த்தும் சிறு குமிழுடனும் இது கிடைக்கிறது.

துளையிடுமுன் ஒன்றை அளந்துகொள்ளுங்கள். புதிய குவிப்பான் பழையதைவிட 2 செ.மீ. உயரமானால், பெரிய ஆடியையும் 2 செ.மீ. மேலே நகர்த்தவேண்டும். இல்லையேல் வில்லை குவியத்தை எட்டவே எட்டாது.

குழாய்க் குவிப்பானைப் பொருத்திய அன்றிரவு முதலில் பார்த்தவன், அந்த ஆடியைத் தேய்த்த மாணவர்களுள் ஒருவன். "சார், வளையத்துக்குள் கறுப்புக் கோடு!" என்றான். காசினி இடைவெளி அது. அவர்கள் தேய்த்த ஆடி முதல் நாளிலிருந்தே அதனைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. பார்க்கவிடாமல் தடுத்தது குழலின் ஆட்டமே. ஆகவே, ஆடியில் கைவைக்குமுன் குழலைச் சோதியுங்கள்.