தூசு உறிஞ்சி நெகிழ்குழாய்

தூசு உறிஞ்சி நெகிழ்குழாய் என்பது மரவேலை மின்கருவிகளில் எழும் மரத்தூளை, அது காற்றில் பரவும் முன்பே உறிஞ்சும் பொறிக்குக் கொண்டு செல்லும் வளையக்கூடிய குழாய் ஆகும். பட்டறைகளில் இது ஹோஸ் என்றே வழங்கப்படுகிறது. வட்ட ரம்பம், ரூட்டர், மின் இழைப்புளி, உப்புத்தாள் பொருத்திய தேய்ப்புப் பொறி ஆகியவற்றின் தூசு வாயில் இதன் ஒரு முனையும், உறிஞ்சியில் மறுமுனையும் பொருத்தப்படும். உறிஞ்சியை வாட்டுக் கணக்குப் பார்த்து வாங்குவோர் பலர் குழாயை உடன்வரும் துணைப்பொருளாகவே கருதுகின்றனர். ஆனால் கருவியின் வாயில் எவ்வளவு காற்று ஓடும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை குழாயின் விட்டமும் நீளமுமே.

திருவள்ளூர் வட்டாரத்தில் தேவை

1997ஆம் ஆண்டு செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம், காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டை முதலிய தொழிற்பகுதிகள் உள்ளன. உருக்கு, வேதிப்பொருள், வாகன உதிரிப்பாகம் ஆகியவையே இவ்வட்டாரத்தில் பெயர் பெற்ற தொழில்கள். எனினும் எந்தத் தொழிற்பகுதியிலும் அனுப்பப்படும் சரக்குக்குப் பெட்டியும் பேலட் எனப்படும் மரத்தட்டும் வேண்டும். அலுவலகங்களுக்கு அறைகலன்கள் வேண்டும். ஆகவே பெரிய ஆலைகளின் அருகே சிறிய மரப்பட்டறைகளும் இயங்குகின்றன. ஆந்திர எல்லைக்கு அப்பால் காளஹஸ்தி அருகே 2018ஆம் ஆண்டு முதல் எம்.டி.எஃப். பலகை ஆலை ஒன்று இயங்கி வருகிறது. இப்பலகையை அறுக்கையில் எழும் தூள், தேக்கு அல்லது வேம்பை அறுக்கும்போது விழும் தூளைவிட மிக நுண்ணியது. நெடுநேரம் காற்றில் மிதப்பது.

தூசு வெளிப்பாடு குறித்த சட்ட விதி புதிதன்று. இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 14ஆம் பிரிவு, தூசு எழும் இடத்திற்கு இயன்றவரை அருகிலேயே அதை வெளியேற்றும் கருவி பொருத்தப்பட வேண்டும் எனக் கூறியது. ஆனால் மின்விசை பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர்களேனும் இருந்தால்தான் அச்சட்டம் பொதுவாகப் பொருந்தியது. நான்கைந்து பேர் வேலை செய்யும் தச்சுப் பட்டறை பெரும்பாலும் அதன் எல்லைக்கு வெளியே நின்றது.

மரத்தூளின் தீங்கு

1960களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில் காது மூக்கு தொண்டை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்டு, மூக்கில் தோன்றும் அரிய வகைப் புற்றுநோய் ஒன்று தம்மிடம் வரும் அறைகலன் தொழிலாளர்களிடையே வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதைக் கண்டார். அவர் அச்சிசன் முதலியோருடன் இணைந்து எழுதிய ஆய்வு 1968ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995ஆம் ஆண்டில் மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களுள் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கடினமரத் தூளின் எட்டு மணிநேரச் சராசரி வரம்பு 2023 சனவரி முதல் கனமீட்டருக்கு 2 மில்லிகிராம் ஆகும்.

தரையில் குவியும் தூளையும் சீவலையும் துடைப்பத்தால் கூட்டி விடலாம். நுரையீரலின் ஆழம் வரை செல்வது 10 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த துகள். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பகுதியைப் பிடிக்க வேண்டுமானால் கருவியின் வாயிலேயே போதிய காற்றோட்டம் இருத்தல் வேண்டும். பட்டறை முழுவதற்கும் ஒரு மின்விசிறி சுழல்வது இதற்கு ஈடாகாது. அது தூசியை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டு சேர்க்கும்.

விட்டம்

குழாய்க்குள் தூள் படியாமல் ஓடுவதற்குக் காற்றின் வேகம் நொடிக்கு சுமார் 20 மீட்டர் இருக்க வேண்டும். ஐரோப்பிய நெறிகளின்படி எம் வகுப்பு உறிஞ்சிகள், வேகம் இதற்குக் கீழ் இறங்கினால் ஒலியெழுப்பி எச்சரிக்கும். இதே வேகத்தில் 27 மி.மீ. குழாயில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 690 லிட்டரும், 36 மி.மீ. குழாயில் 1220 லிட்டரும், 50 மி.மீ. குழாயில் 2360 லிட்டரும், 100 மி.மீ. குழாயில் 9420 லிட்டரும் காற்று செல்லும்.

அழுத்த இழப்பின் கணக்கு இதைவிடக் கடுமையானது. ஒரே அளவு காற்றைச் செலுத்தும்போது உராய்வால் ஏற்படும் இழப்பு, விட்டத்தின் ஐந்தாம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. விட்டத்தைப் பாதியாக்கினால் இழப்பு 32 மடங்காகும். எடுத்துக்காட்டாக, 4 மீட்டர் நீளமுள்ள குழாயில் நிமிடத்திற்கு 1220 லிட்டர் காற்று ஓடுவதாகவும், உட்புற வரிகளைக் கருதி உராய்வுக் கெழு 0.05 எனவும் கொள்வோம். 36 மி.மீ. குழாயில் இழப்பு சுமார் 1300 பாசுகல்; 27 மி.மீ. குழாயில் சுமார் 5600 பாசுகல்.

இக்கணக்கிலிருந்து உறிஞ்சிகளின் இரு இனங்களும் விளங்கும். கையடக்கக் கருவிகளுக்கான வேக்குவம் வகை உறிஞ்சி 20000 பாசுகல் அளவில் இழுவை தருவது. குறைந்த அளவு காற்றை ஒடுங்கிய குழாய் வழியே இழுக்க வல்லது. பெரிய துணிப்பை தொங்கும் விசிறி வகைத் தூசு சேகரிப்பி மிகுந்த காற்றை நகர்த்தும். ஆனால் அதன் இழுவை பொதுவாக 2000 பாசுகல் அளவினதே. மேசை ரம்பத்திற்காக வாங்கிய சேகரிப்பியில் 100 மி.மீ. வாயைக் குறுக்கி 27 மி.மீ. குழாயைச் செருகுவது வீண் வேலை. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் இருந்தாலும் காற்று பெயரளவுக்கே வரும்.

நடைமுறையில், தேய்ப்புப் பொறிக்கு 27 மி.மீ. குழாய் போதும். அதன் தூள் நுண்ணியது. கருவியை நாள் முழுதும் கையில் பிடித்து நகர்த்துவதால் குழாய் இலேசாக இருப்பதும் முக்கியம். வட்ட ரம்பம், ரூட்டர் ஆகியவற்றுக்கு 36 மி.மீ. ஏற்றது. மின் இழைப்புளியின் சுருள் சீவல் ஒடுங்கிய குழாயை எளிதில் அடைத்துவிடும். திக்னஸர், மேசை ரம்பம் போன்ற நிலைப் பொறிகளுக்கு 100 மி.மீ. குழாயும் விசிறி வகைச் சேகரிப்பியும் தேவை. ஒரே குழாயால் எல்லாவற்றையும் முடிக்க விரும்புவோர் 36 மி.மீ. குழாயைத் தேர்வது தவறாகாது.

நீளமும் வளைவும்

இழப்பு நீளத்திற்கு நேர்விகிதத்தில் கூடும். 10 மீட்டர் குழாயை வாங்கி, 6 மீட்டரைச் சுருட்டி வைத்துப் பயன்படுத்துவது இருவகையில் நட்டம்: நீளத்தின் இழப்போடு வளைவுகளின் இழப்பும் சேர்கிறது. தொலைவு தவிர்க்க இயலாதெனில் சுவரோரம் வழவழப்பான விறைப்புக் குழாயை ஓட்டி, கடைசி இரண்டு மூன்று மீட்டருக்கு மட்டும் நெகிழ்குழாய் இணைக்கலாம். கழிவுநீருக்கான 110 மி.மீ. பி.வி.சி. குழாய் எங்கும் கிடைப்பதால் பலர் அதையே நாடுகின்றனர். விசிறி வகைச் சேகரிப்பிக்கு அது பொருந்தும். வேக்குவம் வகைக்குப் பொருந்தாது. 36 மி.மீ. குழாயில் வரும் காற்று 100 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் நுழைந்ததும் வேகம் எட்டில் ஒரு பங்காகும். தூள் அங்கேயே படிந்து நாளடைவில் அடைத்துக்கொள்ளும். இவ்வகையில் நீண்ட குழாயைவிட உறிஞ்சியை வேலை நடக்கும் இடத்திற்கு உருட்டிச் செல்வதே நல்லது.

பொருளும் நிலைமின்னும்

சந்தையில் பி.வி.சி., பாலியூரித்தேன் ஆகிய இரண்டும் கிடைக்கின்றன. பி.வி.சி. மலிவானது. எனினும் தகரக் கூரையின் வெப்பத்தில் ஓரிரு கோடைகள் கழிந்தபின் அது விறைத்து, மடிப்புகளில் வெடிக்கத் தொடங்கும். பாலியூரித்தேன் விலை கூடியது, உராய்வைத் தாங்குவது. உட்புறம் வழவழப்பாக உள்ள வகையே சிறந்தது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் ஈரத்தூள் உள்வரிகளில் அப்பிக்கொள்வதால் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரியும்.

உலர்ந்த தூள் நெகிழிச் சுவரில் உரசும்போது நிலைமின்னூட்டம் உருவாகிறது. கையில் சுளீரென்று ஏற்படும் அதிர்ச்சி தானாக ஆபத்தன்று. ஆனால் ஓடும் ரூட்டரைப் பிடித்த கை திடுக்கிட்டு நகர்வது ஆபத்து. கடலோர ஈரக்காற்றில் இது குறைவாகவும், குளிரூட்டிய அறையில் மிகுதியாகவும் காணப்படும். இதற்கென மின்கடத்தும் கரி கலந்த குழாய்கள் உள்ளன. குழாய் மட்டும் அத்தகையதாக இருந்தால் போதாது. முனைப் பொருத்திகளும் மின்கடத்த வேண்டும். உறிஞ்சி நிலத்தொடர்பு உடையதாக இருக்க வேண்டும். செருகியின் மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டால் அனைத்தும் வீண்.

இரும்பு வேலையும் மரவேலையும் அருகருகே நடக்கும் இடங்களில் மேலும் ஒன்று கவனத்திற்குரியது. கிரைண்டரின் தீப்பொறியை உறிஞ்சிய அதே உறிஞ்சியை மரத்தூளுக்குப் பயன்படுத்தினால், பையினுள் கங்கு கனன்று, பட்டறை பூட்டப்பட்ட பின் தீப்பிடிக்கக்கூடும். பழைய பேலட் பலகையில் மறைந்துள்ள ஆணி, ரம்பப் பல்லில் பட்டாலும் இதே நிலை. எனவே மரத்திற்குத் தனி உறிஞ்சி வைப்பதும், மாலையில் பையைக் காலி செய்து தூளைக் கட்டடத்திற்கு வெளியே வைப்பதும் தேவை.

பொருத்துதலும் சோதனையும்

பாஷ், மக்கிட்டா முதலிய நிறுவனங்களின் தூசு வாய்கள் ஒன்றுக்கொன்று ஒத்திருப்பதில்லை. ஒருவர் உள்விட்டத்தையும் மற்றவர் வெளிவிட்டத்தையும் குறிப்பதால், பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் வெர்னியர் அளவியால் அளந்து வாங்குதல் நன்று. படிபடியாக ஒடுங்கும் ரப்பர் பொருத்தி பல அளவுகளுக்கு உதவும். அது கிடைக்காதபோது மிதிவண்டி டியூபின் துண்டு ஒன்றை உறையாக மாட்டுவது எளிய மாற்று. இணைப்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் காற்று அவ்வழியே புகுந்து, கருவியின் வாயில் இழுவை குறைந்துவிடும்.

பொருத்திய அமைப்பு வேலை செய்கிறதா என அறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை. விளக்குகளை அணைத்து, கருவியை ஓட்டும்போது ஒரு கைவிளக்கின் ஒளிக்கற்றையை அதன் குறுக்கே செலுத்தி, ஒளி வரும் திசையை நோக்கிச் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் வழக்கமாகப் புலப்படாத நுண்தூசு மினுங்கித் தெரியும். ஒளிக்கற்றையில் புகைபோல் எழுந்தால் குழாயின் விட்டம், அடைப்பு, கசிவு, வடிகட்டி என்ற வரிசையில் பார்த்து வரலாம். குழாயில் பொத்தல் இருப்பதாக ஐயம் எழுந்தால், உறிஞ்சி ஓடுகையில் ஈரக் கையால் நெடுகத் தடவினால் கசியும் இடம் குளிர்ச்சியாகத் தெரியும்.