குலுக்கலுக்கு விடப்பட்ட மாத்திரை

தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்களில் தோன்றும் மெலனோமா, தோல் புற்றுநோய்களில் எண்ணிக்கையால் சிறியதாயினும் உயிரைப் பறிப்பதில் மற்றவற்றை விஞ்சி நிற்பது. தோலளவில் இருக்கும்போதே கண்டுகொண்டால் அறுத்து அகற்றிவிடலாம். நுரையீரல், கல்லீரல், மூளை எனப் பரவிய பின்னர் அறுவையால் பெரும்பாலும் பயனில்லை. வெளிர்தோல் கொண்டோரிடம் மிகுந்தும் இந்தியரிடம் அரிதாகவும் காணப்படும் இந்நோய் (கருந்தோலினரிடம் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலும் தோன்றுவதால் நெடுநாள் எவர் கண்ணிலும் படாமல் போவதுண்டு) முற்றிய நிலையை எட்டியபோது, அமெரிக்காவில் 1975இல் ஒப்புதல் பெற்ற டகார்பசின் என்னும் ஊசிமருந்தே பல்லாண்டுகளாக வழக்கமான கீமோதெரபியாக இருந்துவந்தது. அம்மருந்து நோயாளியின் ஆயுளை நீட்டியதாக முறையான ஒப்பீட்டுச் சோதனை எதுவும் காட்டியதில்லை என்பதை நினைவில் கொண்டால்தான் பின்னர் எழுந்த சர்ச்சையின் சூடு புரியும்.

இங்கிலாந்தின் சாங்கர் நிறுவன ஆய்வாளர்கள், பிராஃப் என்னும் மரபணுவில் ஏற்படும் பிறழ்வு மெலனோமாக் கட்டிகளில் மிகப் பரவலாக இருப்பதை 2002இல் அறிவித்தனர். செல்லின் மேற்பரப்பிலிருந்து ‘பெருகுக’ என்னும் ஆணையை உட்கருவுக்குக் கடத்தும் புரதச் சங்கிலியில் இம்மரபணு உண்டாக்கும் பிராஃப் புரதம் ஒரு கண்ணி. அப்புரதத்தின் 600ஆவது இடத்தில் வாலின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தை குளூட்டமிக் அமிலம் பிடித்துக்கொள்ளும்போது, யாரும் அழுத்தாமலே அழுந்திக் கிடக்கும் அழைப்புமணியைப் போல அக்கண்ணி ஓயாமல் ஆணையிட்டுக்கொண்டே இருக்கிறது. மெலனோமா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் பிராஃப் பிறழ்வு உண்டு.

இப்பிறழ்ந்த புரதத்தை மட்டும் குறிவைத்து கலிபோர்னியாவின் பெர்க்லி நகரிலிருந்த பிளெக்சிகான் நிறுவனம் உருவாக்கி, ரோஷ் நிறுவனத்துடன் சேர்ந்து வளர்த்த மருந்துதான் பின்னாளில் வெமுராஃபெனிப் எனப் பெயர் பெற்றது. பாதுகாப்பான அளவு எது என்று காண்பதற்காக நடத்தப்படும் முதற்கட்டச் சோதனையில் அது தொடக்கத்திலேயே சறுக்கியது. அளவைக் கூட்டிக்கொண்டே போயும் மருந்து குடலிலிருந்து போதிய அளவு இரத்தத்தில் சேராததால் கட்டிகள் அசையவில்லை. படிகமாக இருந்த மருந்தை எளிதில் கரையும் தூளாக மாற்றியமைத்த பின்னரே சோதனை தொடர்ந்தது. இம்முறை மருந்து உடலில் சேர்ந்தது. நாளுக்கு இருமுறை 1120 மில்லிகிராம் என்னும் அளவில் தடிப்பும் மூட்டுவலியும் சோர்வும் பொறுக்க முடியாதவையாக, காலையில் நான்கு, மாலையில் நான்கு மாத்திரைகள் என்று 960 மில்லிகிராமில் நிறுத்தினர். பிறழ்வு உறுதிசெய்யப்பட்ட 32 பேருக்கு அவ்வளவில் கொடுத்தபோது 26 பேரின் கட்டிகள் கணிசமாகச் சுருங்கின. அவர்களுள் இருவருக்குக் கட்டி இருந்த சுவடே இல்லாமல் போயிற்று.

டகார்பசினால் பத்தில் ஒருவருக்குப் பலன் கிடைப்பதே அரிது என்றிருந்த நிலையில், இம்முடிவுக்குப் பிறகும் 675 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பழைய மருந்தையே கொடுக்கும் மூன்றாம் கட்டச் சோதனை 2010இல் தொடங்கியது. ஒன்று மாத்திரை, மற்றது ஊசி என்பதால் தமக்கு எது விழுந்தது என்பது நோயாளிக்கு அன்றே தெரிந்துவிடும். ஒன்றுவிட்ட சகோதரர்கள் இருவரில் ஒருவருக்கு மாத்திரையும் மற்றவருக்கு டகார்பசினும் கிடைத்த செய்தியை அவ்வாண்டு நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டபோது, இது அறமா என்னும் கேள்வி மருத்துவர்களிடையேயும் பிளவை உண்டாக்கியது. கட்டி சுருங்குவது வேறு, ஆயுள் நீள்வது வேறு. சில மாதங்களில் நோய் மீண்டும் தலைதூக்கினால் மொத்தத்தில் மிஞ்சுவது என்ன என்பதை ஒப்பீடின்றி அறிய இயலாது என்பது ஒரு தரப்பின் வாதம். அது வெறும் சாக்கன்று. கட்டியைச் சுருக்கியும் ஆயுளைக் கூட்டாத மருந்துகள் புற்றுநோய் வரலாற்றில் உண்டு. ஆயினும் எதிர்க்குழுவுக்குக் கொடுக்கப்பட்டது பயனற்றது என்று கொடுப்பவரே அறிந்திருந்த மருந்து என்னும் மறுதரப்பின் வாதத்துக்கு நிறைவான மறுமொழி கிடைத்ததாகச் சொல்ல இயலாது.

இடைக்காலக் கணக்கெடுப்பில் வெமுராஃபெனிப் குழுவில் 43 பேரும் டகார்பசின் குழுவில் 75 பேரும் இறந்திருந்தனர். ஆறு மாதத்தில் உயிரோடிருந்தோர் முறையே 84, 64 விழுக்காட்டினர். சோதனையைக் கண்காணித்த சார்பற்ற குழு, டகார்பசின் பெற்றோரும் மாத்திரைக்கு மாறலாம் என்று பரிந்துரைத்தது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், பிறழ்வைக் கண்டறியும் சோதனைக்கருவியோடு சேர்த்து இம்மருந்துக்கு ஒப்புதல் வழங்கியது.

ஐயப்பட்டவர்கள் எதிர்பார்த்ததும் நடந்தது. பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள்ளாகவே கட்டிகள் வேறு வழிகளில் ஆணையைக் கடத்தக் கற்றுக்கொண்டு மீண்டும் வளர்ந்தன. பிராஃப் இயல்பாகவும் ராஸ் என்னும் வேறொரு மரபணு பிறழ்ந்தும் உள்ள செல்களில் இம்மருந்து தடுப்பதற்குப் பதில் தூண்டிவிட்டதால், சிலருக்குச் செதிள்செல் புற்றுநோய் என்னும் மற்றொரு வகைத் தோல் கட்டி முளைத்தது. அதை அறுத்தெடுத்துவிட்டு மாத்திரையைத் தொடர முடிந்தது. சங்கிலியின் அடுத்த கண்ணியான மெக் புரதத்தையும் சேர்த்தே அடைத்தால் இவ்விரு இடர்களும் குறையும் என்று கருதி, டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் ஆகிய இரு மருந்துகளையும் இணைத்துக் கொடுக்கும் சோதனை 704 பேரிடம் நடத்தப்பட்டது. அதில் ஒப்பீட்டுக் குழுவுக்குக் கொடுக்கப்பட்டது வெமுராஃபெனிப். இணை மருந்து பெற்றவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தது தெளிவானதும் 2014இல் அச்சோதனையும் இடையிலேயே நிறுத்தப்பட்டு, வெமுராஃபெனிப் குழுவினர் இணை மருந்துக்கு மாற வழி செய்யப்பட்டது.