குரல் நாண்களும் கரகரப்பும்

குரல்வளைக்குள் முன்பின்னாக நீண்டு கிடக்கும் இரண்டு தசை மடிப்புகளே குரல் நாண்கள். ஆண்களுக்கு அவை ஏறக்குறைய 2 செ.மீ. நீளம், பெண்களுக்கு அதைவிடக் குறைவு. நுரையீரலிலிருந்து எழும் காற்று அவற்றைத் தள்ளித் திறக்கிறது, உடனே அவை மீண்டும் வந்து ஒட்டுகின்றன. பேசும்போது பெண்குரலில் இது நொடிக்கு 200 தடவை அளவில் நடக்கிறது. காலையில் அரை மணி நேரம் குரலெழுப்பிய ஆசிரியையின் நாண்கள் அதற்குள் மூன்றரை லட்சம் தடவை மோதியிருக்கும்.

மோதல் பலமானால் நாண்களின் நடுப்பகுதி தடித்து, இரண்டு பக்கமும் எதிரெதிரே முடிச்சுகள் உண்டாகும். மண்வெட்டி பிடித்த கையில் காய்ப்பு ஏறுவதைப் போன்றதுதான் இது. உலகெங்கும் ஆசிரியர்களுக்கு வரும் நோய் இது. மலேசியாவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தமிழ்ப்பள்ளிகளும் விலக்கல்ல. பழைய தோட்டப் பள்ளிகளில் ஒரே நீளக் கூடத்தில் பல வகுப்புகள் நடந்தன. அடுத்த வகுப்பின் இரைச்சலை மீறிக் கத்துவதே பாடம் நடத்தும் முறையாயிற்று. முடிச்சுகளுக்கு அறுவை தேவைப்படுவது அரிது. மூச்சைச் சரியாக விட்டு, தொண்டையை இறுக்காமல் பேசப் பழக்கும் குரல் பயிற்சியில் அவை பெரும்பாலும் கரைந்துவிடும். பயிற்சி தருபவர் பேச்சு சிகிச்சையாளர். மலேசியாவில் அதற்கான பட்டப்படிப்பைத் தேசியப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கியது.

பாலிப் எனும் சதை வளர்ச்சி வேறு. பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் வரும். ஒரே ஒரு பலத்த கத்தலில் நுண்குழாய் வெடித்து இரத்தம் கசிந்தும் வரலாம். தைப்பூசத்திலும் மாசி மகத்திலும் உருமி மேளத்தை மீறிப் பாடுபவர்கள் கவனிக்க வேண்டியது இது. பாட்டின் நடுவே குரல் சட்டென்று அறுந்தால், அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. பயிற்சிக்கு மசியாத பாலிப்பை மயக்கம் கொடுத்து, வாய் வழியாக, நுண்ணோக்கியில் பார்த்தபடி அகற்றுகிறார்கள்.

சளிக்காய்ச்சலோடு வரும் தொண்டைக் கட்டு ஓரிரு வாரத்தில் தானே போய்விடும். புகைமூட்டக் காலத்துக் காற்று, ரப்பர் பாலை உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவி, இரவில் மேலேறும் வயிற்று அமிலம் ஆகியவையும் நாண்களை உறுத்தும். நெடுநாள் சிகரெட் பிடிப்பவர்களுக்கு நாண்கள் நீர் கோத்து வீங்கிக் குரல் தடிக்கும். தைராய்டு அறுவைக்குப் பின் நரம்பு அடிபட்டு ஒரு நாண் அசையாமல் போவதும் உண்டு. ஊசி மருந்தாலோ சிறு அறுவையாலோ அதை நடுப்பக்கம் தள்ளிவைத்தால் குரல் தேறும்.

மிளகுக் கசாயமும் பனங்கற்கண்டும் இதமானவை, ஆனால் விழுங்கும் எதுவும் நாண்களைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. நாண்களை நேரே எட்டுவது ஆவிதான். போதிய தண்ணீர் குடித்தால் உடம்பு அவற்றை ஈரமாக வைத்துக்கொள்ளும். கிசுகிசுப்பது ஓய்வாகாது. குறைந்த சத்தத்தில் இயல்பாகப் பேசலாம், அல்லது பேசாமலே இருக்கலாம்.

கரகரப்பு நான்கு வாரத்தைத் தாண்டினால் அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு பெரிய மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போக வேண்டும். புகைபிடிப்பவர் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. மூக்கு வழியே மெல்லிய கேமராவைச் செலுத்திச் சில நிமிடங்களில் பார்த்துவிடுவார்கள். நாணில் வரும் புற்றுநோய் முதலில் குரலைத்தான் கெடுக்கும். நாண்களில் நிணநீர்க் குழாய்கள் குறைவு என்பதால் மெதுவாகவே பரவும். தொடக்கத்தில் பிடிபட்டால் கதிர்வீச்சிலேயே பெரும்பாலோர் குணமடைகிறார்கள்.