மார்ஷலா, மெக்ராவா, பும்ராவா? ஹட்டன் சலூனில் முடியாத ஒரு வழக்கு

ஹட்டன் நகரில் பஸ் நிலையத்திலிருந்து சற்று மேலே ஏறினால் ஒரு சலூன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே முடிவெட்டப் போனால் குறைந்தது ஒரு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மழைக்காலமென்றால் இன்னும் கூடும். அந்த நேரத்தில் பேசித் தீர்க்கப்படாத விடயம் எதுவுமில்லை. சம்பள உயர்வு, தொழிற்சங்கம், கொழும்பில் வேலை, பிறகு கிரிக்கெட். கிரிக்கெட் என்று வந்துவிட்டால் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். உலகம் கண்ட வேகப்பந்து வீச்சாளர்களில் யார் பெரியவர்?

ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர் ஒருவர் மல்கம் மார்ஷலைத் தவிர வேறு பெயரை ஏற்கமாட்டார். நாற்பது வயதுக்காரர்கள் வசீம் அக்ரம் அல்லது மெக்ரா என்பார்கள். காதில் கடுக்கன் போட்ட பிள்ளைகளுக்கு பும்ராதான். "நீங்க மார்ஷல பாத்தீங்களா தாத்தா?" என்று ஒரு பையன் கேட்டபோது, "றேடியோல பாத்தேன்டா" என்று அவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பதிலுக்குள் இந்த நாட்டின் ஒரு காலம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. வேகப்பந்து வீச்சாளரை அளக்க மூன்று எண்கள் பயன்படுகின்றன. எத்தனை விக்கெட், ஒரு விக்கெட்டுக்கு எத்தனை ஓட்டம் கொடுத்தார் (சராசரி), ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து வீசினார் (தாக்கு வீதம்). முதலாவதை மட்டும் பார்த்தால் விவாதமே இல்லை. இங்கிலாந்தின் ஜேம்ஸ் அண்டர்சன் 704 டெஸ்ட் விக்கெட்டுகளோடு எல்லா வேகப்பந்து வீச்சாளர்களுக்கும் மேலே நிற்கிறார். ஆனால் அவருடைய சராசரி 26.45. மெக்ரா 563 விக்கெட்டுகளை 21.64 என்ற சராசரியில் எடுத்தார். கர்ட்லி அம்புரோஸ் 405 விக்கெட், 20.99. மார்ஷல் 81 டெஸ்ட்களில் 376 விக்கெட், 20.94. தென்னாபிரிக்காவின் டேல் ஸ்டெயினுக்குச் சராசரி 22.95தான், ஆனால் 42 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்திருக்கிறார். நானூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர்களில் அப்படி அடித்துக்கொண்டு போனவர் வேறில்லை. பும்ராவோ 2024 டிசம்பரில் மெல்பேர்னில் 200ஆவது விக்கெட்டை எடுத்தபோது அவருடைய சராசரி இருபதுக்குக் கீழே இருந்தது. இருநூறைத் தொட்ட எவருக்கும் அதற்கு முன் அப்படி இருந்ததில்லை.

எண்கள் இத்தனை நெருக்கமாக இருக்கும்போது அடுத்த கேள்வி, எங்கே வீசினார் என்பது. இங்கிலாந்தின் மேகமூட்டத்தில் பந்து தானாகவே வளையும். நியூசிலாந்தின் பச்சை ஆடுகளத்தில் தையலில் பட்டுத் திரும்பும். கொழும்பிலும் காலியிலும் கண்டியிலும் பந்து பத்து ஓவரில் மினுக்கம் இழந்துவிடும், வெயில் ஆளைச் சாப்பிடும், ஆடுகளம் சுழற்பந்துக்காரனுக்கு மாமியார் வீடு மாதிரி. அங்கே விக்கெட் எடுப்பவனே முழுமையான வேகப்பந்து வீச்சாளன் என்பது என் கட்சி.

அந்த வகையில் நம் கண்முன்னே நடந்த சான்றுகள் உண்டு. 1983 ஏப்ரலில் அவுஸ்திரேலியா கண்டி அஸ்கிரியவில் ஆடிய டெஸ்டில் டெனிஸ் லிலி வீசினார். 355 விக்கெட் எடுத்த மனிதர், அவர் காலத்தின் அரசன். இலங்கையில் அவர் ஆடிய ஒரே டெஸ்ட் அதுதான், கிடைத்தது மூன்று விக்கெட். அடுத்த ஆண்டு மார்ச்சில் நியூசிலாந்து வந்தது. அதே அஸ்கிரியவில் இரண்டாவது இன்னிங்ஸில் ரிச்சர்ட் ஹட்லி 8 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்து, இலங்கை 97க்குச் சுருண்டது. மூன்று டெஸ்ட்களில் ஹட்லிக்கு 23 விக்கெட், சராசரி சரியாகப் பத்து. லிலியைவிட ஹட்லிக்கு வேகம் குறைவு. ஆனால் அப்போது அவர் ஓட்டத்தைச் சுருக்கி, பந்தை ஒரே இடத்தில் குத்தி, துடுப்பாட்டக்காரனின் பொறுமையைத் தின்னக் கற்றிருந்தார். அண்மைக்கு வந்தால் 2014 ஜூலையில் காலியில் ஸ்டெயின் ஒன்பது விக்கெட் எடுத்ததைச் சொல்லலாம். பழசான பந்து எதிர்ப்பக்கமாக வளைந்து துடுப்புக்கும் காலுக்கும் நடுவே நுழைந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மறக்காது.

லிலி வந்துபோனது ஏப்ரலில். மூன்று மாதங்களில் ஜூலை வந்தது. அந்த ஆண்டைப் பற்றி இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு முன்பே 1977இலும் பிறகு 83இலும் தோட்டங்களிலிருந்து பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்கள் பல. மலையில் அடி வாங்கி வன்னிக்குப் போனவர்கள், வன்னியில் எல்லாவற்றையும் மறுபடியும் பறிகொடுத்தார்கள்.

கிரிக்கெட்டுக்கும் அந்தக் காலம் ஓர் இடைவெளியை விட்டுச் சென்றது. 1987 ஏப்ரலில் நியூசிலாந்து அணி மறுபடியும் வந்தது. முதல் டெஸ்ட் முடிந்த கையோடு கொழும்பு பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. அணி திரும்பிப் போய்விட்டது. அதன் பிறகு இலங்கை மண்ணில் அடுத்த டெஸ்ட் 1992 ஆகஸ்டில்தான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல். அந்த ஐந்தாண்டு எப்படிப்பட்டதென்று பாருங்கள்: மார்ஷலின் கடைசி உச்சம், அம்புரோஸின் வருகை, இம்ரானின் முதிர்ச்சி, வசீமும் வக்காரும் சேர்ந்து உலகத்தின் கால்விரல்களை உடைத்த காலம். வேகப்பந்தின் பொற்காலம் என்று யாராவது எழுதினால் இந்த ஆண்டுகளை விடமுடியாது. அந்த ஆண்டுகளில் இங்கே டெஸ்ட் மைதானங்கள் சும்மா கிடந்தன. மார்ஷல் 1991இல் ஓய்வுபெற்றார். மேற்கிந்தியத் தீவுகள் இலங்கையோடு முதல் டெஸ்ட் ஆடியது 1993இல். ஆக, இலங்கைக்கெதிராக ஒரு டெஸ்ட் பந்துகூட வீசாமலே அவர் போய்விட்டார். தாத்தா றேடியோவில் பார்த்தேன் என்றது வேடிக்கைக்கு அல்ல.

1992 நவம்பரில் நியூசிலாந்து தங்கியிருந்த ஹோட்டலுக்கு அருகே கடற்படைத் தளபதி கொல்லப்பட்டார், சில வீரர்கள் நாடு திரும்பினார்கள். 1996 ஜனவரியில் மத்திய வங்கி குண்டுவெடிப்பு. உலகக் கிண்ணப் போட்டிக்கு கொழும்பு வர அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் மறுத்தன. மெக்ராவையும் அம்புரோஸையும் வோல்ஷையும் எதிர்பார்த்த ரசிகர்களுக்கு ஏமாற்றம். அவர்களுக்குப் பதிலாக ஒரு விநோதம் நடந்தது: இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகக் கொழும்பில் வந்து ஆடின. களுவிதாரண ஆட்டமிழந்ததை 'பிடி டெண்டுல்கர், பந்து வீச்சு வசீம் அக்ரம்' என்று அன்றைய ஓட்டப்பட்டியல் சொல்கிறது. இந்த வரி மறுபடியும் எங்கேயாவது எழுதப்படுமா என்று தெரியவில்லை.

அந்த மார்ச்சில் லாகூரில் இறுதிப் போட்டி நடந்தபோது யாழ்ப்பாணத்தார் பெரும்பகுதி தென்மராட்சியிலும் வன்னியிலும் இடம்பெயர்ந்து கிடந்தார்கள். மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். மிதிக்கிறவன் களைத்தால் வர்ணனை இழுபடும். மெக்ரா வீசிய பந்து எங்கே குத்தியது என்று கேட்பதற்கு முன் சத்தம் போய்விடும். அப்படிக் கேட்டு வளர்ந்தவனிடம் யார் சிறந்த வேகப்பந்து வீச்சாளர் என்று கேட்டால், அவன் சொல்லும் பெயர் அவன் கண்ட பெயராக இருக்காது, கற்பனை செய்த பெயராக இருக்கும். அதில் பிழையுமில்லை.

இனி நம் ஆட்கள். சமிந்த வாஸை இந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னால் சலூனில் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். 355 டெஸ்ட் விக்கெட், சராசரி 29.58. உலக வரிசையில் முதல் பத்துக்குள் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செத்த ஆடுகளங்களில், மறுமுனையில் துணைக்கு ஒரு வேகப்பந்துக்காரன் நிலைக்காத அணியில் எடுத்தவை அவை. ஒருநாள் போட்டியில் 19 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் என்ற அவருடைய 2001ஆம் ஆண்டுச் சாதனையை இன்றுவரை எவரும் தொடவில்லை. லசித் மாலிங்கவுக்கு டெஸ்ட்டில் 101 விக்கெட்தான், அங்கே அவர் பெரியவர் இல்லை. ஆனால் நான்கு பந்தில் நான்கு விக்கெட் எடுப்பதை 2007 உலகக் கிண்ணத்தில் தென்னாபிரிக்காவுக்கு எதிராகவும், 2019இல் பல்லேகலையில் நியூசிலாந்துக்கு எதிராகவும் இரண்டு தடவை செய்த மனிதரை எந்தக் கூடையில் போடுவது?

பலருக்கு மறந்துபோன ஒரு பெயரும் உண்டு: வினோதன் ஜோன். கொழும்பில் வளர்ந்த தமிழர், வேகப்பந்து வீச்சாளர். இலங்கைக்காக ஆறு டெஸ்ட்களில் 28 விக்கெட் எடுத்தார், சராசரி 21.92. மெக்ராவுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய எண். ஆறு டெஸ்ட் மிகக் குறைவு, அதை வைத்து யாரையும் மகுடம் சூட்ட முடியாதென்பது உண்மைதான். முதல் டெஸ்ட் 1983 மார்ச்சில், கடைசி டெஸ்ட் 1984 ஆகஸ்டில் லோர்ட்ஸில். நடுவே இருக்கும் ஜூலைக்கும் இதற்கும் நான் முடிச்சுப் போட வரவில்லை. ஒரு தமிழன் நாட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டு புதுப்பந்தை எடுத்து ஓடிய நாட்கள் எவை என்பதைக் குறித்து வைக்கவே சொல்கிறேன்.

அப்படியானால் மலையகம்? இங்கிருந்து உலகம் அறிந்த பெயர் முரளிதரன். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்காக 1920இல் தென்னிந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன். 1977 வன்செயலில் குடும்பத்தின் தொழிற்சாலை தாக்கப்பட்டதைக் குழந்தையாகக் கண்டவர். அவருடைய அரசியல் பேச்சுகள் வடக்கில் பலரைப் புண்படுத்தின, 2020இல் அவரைப் பற்றிய படத்துக்கு எழுந்த எதிர்ப்பையும் எல்லோரும் அறிவார்கள். அது வேறு வழக்கு. இங்கே சொல்ல வந்தது, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் முரளி வேகப்பந்து வீச்சாளராகத்தான் தொடங்கினார் என்பது. பதினான்கு வயதில் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ சுழற்பந்துக்கு மாறச் சொன்னார். மாறாமலிருந்தால் 800 விக்கெட் இல்லை, சலூனில் இன்னொரு பெயரும் இருந்திருக்காது.

ஏன் வேகப்பந்துக்காரன் இந்த மலையிலிருந்து வரவில்லை என்ற கேள்விக்கு 'நம்ம பொடியன்களுக்கு உயரம் இல்ல' என்று உடனே பதில் வரும். பாதிதான் சரி. அம்புரோஸ் ஆறு அடி ஏழு அங்குலம், ஆனால் மார்ஷல் ஆறடிகூட இல்லை, மாலிங்க இன்னும் குட்டை. உயரத்தைவிடப் பெரிய விடயம் எலும்பு. வேகமாக ஓடிவந்து முன்காலை ஊன்றும்போது உடல் எடையைப்போல் பல மடங்கு பாரம் அந்தக் காலிலும் இடுப்பு முதுகிலும் இறங்குகிறது. லிலிக்கும் பும்ராவுக்கும் முதுகு முறிந்தது அதனால்தான். இப்போது 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வைப் பாருங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17.3 சதவீதம், தோட்டங்களில் 31.7 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளை பதினாறு வயதில் ஒரு நாளைக்கு இருபது ஓவர் வீசும் உடம்போடு வருமா?

உடம்பு வந்தாலும் தோல் பந்து வேண்டும், முள் சப்பாத்து வேண்டும், புல்தரை ஆடுகளம் வேண்டும். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாகவே 2021 வரை போராட வேண்டியிருந்த வீட்டில் ஒரு சோடி சப்பாத்து பல நாள் கொழுந்து. நானுஓயாவுக்குப் பக்கத்தில் ரதல்லயிலும் டிக்கோயா தரவளையிலும் கண்ணுக்கு அழகான மைதானங்கள் இருக்கின்றன. துரைமார் தமக்காக வெட்டிய மைதானங்கள் அவை. மலையைச் சமப்படுத்திய கூலிகளின் பேரப்பிள்ளைகள் ரோட்டில் டென்னிஸ் பந்தில் ஆடினார்கள்.

ஆனால் டென்னிஸ் பந்து சாபமல்ல என்பதற்கு ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன். தாய் தெருவோரத்தில் கோழிக்கறிக் கடை வைத்திருந்தவர். டென்னிஸ் பந்தில் காலடிக்கு வீசிப் பழகி, பந்துவீச்சு முறைமீது சந்தேகம் எழுந்தபோது அதைத் திருத்தி, ஐபிஎல் போட்டிகளில் முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்றுநராக இருந்த ஹைதராபாத் அணிக்கு வந்தார். வலைப்பயிற்சிக்கு வீச அவுஸ்திரேலியா போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டியிலும் அறிமுகமானார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட், அந்த டெஸ்டை இந்தியா வென்றது. காயங்கள் அவரைத் தொடர்ந்து ஆடவிடவில்லை. பெரியவர்கள் வரிசையில் அவரை யாரும் வைக்கப்போவதில்லை. ஆனாலும் லயத்துப் பிள்ளைக்கு மார்ஷலைவிட அவர் கதை உதவும்.

என் தீர்ப்பைக் கேட்டால், தாத்தா பக்கம்தான். 1983இல் இந்தியாவின் செத்த ஆடுகளங்களில் ஆறு டெஸ்டில் 33 விக்கெட். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் இடது பெருவிரல் முறிந்து கட்டுப் போட்ட கையோடு, ஒற்றைக் கையால் துடுப்பாடி, பிறகு வந்து 53 ஓட்டங்களுக்கு 7 விக்கெட். வேகம், வளைவு, மூளை மூன்றும் ஒரே ஆளிடம். 41 வயதில் புற்றுநோயில் போனார். பும்ரா இன்னும் நூறு விக்கெட் இதே சராசரியில் எடுத்தால் நான் கட்சி மாறத் தயார், அந்தப் பையனிடம் சொல்லியுமிருக்கிறேன்.

அவன் ஒரு வேகப்பந்து வீச்சாளன். அவனுடைய ஆடுகளம் 22 யார் இல்லையாம், காணுக்கு இந்தப் பக்கம் அவ்வளவுதான் இடம். 1948இல் பிரட்மனின் அணி கப்பலில் வந்திறங்கி கொழும்பு ஓவலில் ஆடியபோதும் ஆடுகளம் இரண்டு யார் குறைவாகத்தான் இருந்தது, பாதி ஆட்டத்தில்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னேன். "அப்ப பிரட்மன் எவ்வளவு அடிச்சாரு?" என்றான். இருபது என்றேன். "நா போட்டிருந்தா அதுவும் இல்ல" என்று சொல்லிவிட்டு, முடிவெட்டும் கதிரையில் போய் உட்கார்ந்தான்.