வர வேண்டிய பணமும் வளர வேண்டிய தொழிலும்

சிறு தொழில்களுக்கு அரசினர் அளிக்கும் ஊக்கம் என்றவுடன் நம்மில் பலர்க்கு நினைவில் எழுவன மானியமும் வரிச் சலுகையும் வங்கிக் கடனுமேயாகும். இவை வேண்டியனவே. ஆயினும், பட்டறை நடத்தும் ஒருவரிடம் சென்று, உமக்கு இப்போது வேண்டுவது யாது என்று வினவினால், கொடுத்த சரக்குக்குப் பணம் வந்தால் போதும் என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும். அவ்விடையைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம்.

பெங்களூரின் பீண்யா தொழிற்பேட்டையில் தமிழர் ஒருவர் கடைசல் பட்டறை வைத்திருப்பதாகக் கொள்வோம். உருக்குத் தண்டுகளை ரொக்கம் கொடுத்து வாங்குகிறார். சனிக்கிழமை தோறும் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். பெரிய ஆலை ஒன்றுக்கு உறுப்புக்கள் செய்து அனுப்பிப் பட்டியலும் கொடுத்துவிட்டார். ஆலையிலிருந்து வரும் மறுமொழியோ, அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதே. சரக்கு சேவை வரி, பணம் கைக்கு வந்ததா என்று கேட்டுக்கொண்டிராது. எழுதிய பட்டியலைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சொந்த ஊராயின் உறவினரோ சீட்டுப் பணமோ கைகொடுக்கும். பிற மாநிலத்தில் குடியேறியவர்க்கு அந்த ஆதரவு எளிதன்று. உண்மையை நோக்கின், அச்சிறிய பட்டறைக்காரரே பெரிய ஆலைக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்!

இக்குறையைத் தீர்க்க 1993ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் இடத்தில் 2006ஆம் ஆண்டு வந்ததே குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம். குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருப்பின் அதிற்கண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் எப்படி இருப்பினும் 45 நாட்களைக் கடக்கலாகாது. ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாட்கள்தாம். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மும்மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வங்கி வீதம் நூற்றுக்கு 6 என்று வைத்துக்கொண்டால், வட்டி நூற்றுக்கு 18 ஆகிறது. 1,00,000 ரூபாய் ஓராண்டு நின்றுவிட்டால் வட்டி மட்டும் 19,500 ரூபாய்க்குச் சற்று மேலாகும். ஒப்பந்தத்தில் வட்டி கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அது செல்லாது.

நாட்கணக்கு, சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து தொடங்குகிறது. குறையிருப்பின் வாங்கியவர் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆகவே சரக்கு இறக்கிய சீட்டில் தேதியோடு கையொப்பம் பெற்று வைப்பது இன்றியமையாதது. வாய்ச்சொல்லை நம்பி அச்சீட்டைத் தொலைத்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் நம்மவரிலும் உண்டு.

பணம் வராவிடில் முறையிடுவதற்கு ஒவ்வொரு மாநிலத்திலும் இச்சட்டப்படி வசதிக் குழு உண்டு. இணையதளத்தின் வழியாகவும் முறையீட்டை அனுப்பலாம். வெளி மாநிலத்தில் வாழும் நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சரக்கு கொடுத்தவரின் தொழில் எங்கே இருக்கிறதோ, அம்மாநிலக் குழுவுக்கே வழக்கை விசாரிக்கும் அதிகாரம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரியே. புனேயில் பட்டறை வைத்திருப்பவர் குஜராத்து ஆலையிடம் பணம் பெற அகமதாபாத்துக்கு அலைய வேண்டியதில்லை. குழுவின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் வாங்கியவர், தீர்ப்புத் தொகையில் நூற்றுக்கு 75 பங்கை முதலில் கட்ட வேண்டும். 90 நாட்களில் முடிவு காண வேண்டுமென்று சட்டம் கூறினாலும், நடைமுறையில் அது பெரும்பாலும் நீண்டு விடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

இவ்வுரிமைகளைப் பெறுவதற்கு, சரக்கு அனுப்புவதற்கு முன்னரே உத்யம் பதிவு செய்துகொள்வது நலம். 2020 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள இப்பதிவுக்கு அரசினர் கட்டணம் ஏதும் வாங்குவதில்லை. பணம் கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டியதில்லை. தொழிற்கூடம் எங்கே என்று எழுதும் இடத்தில் மட்டும், பழக்கத்தால் ஊரிலுள்ள வீட்டு விலாசத்தை எழுதிவிடலாகாது.

இவ்வளவு இருந்தும் பலர் முறையிடுவதில்லை. ஏன்? முறையிட்டால் அடுத்த வேலை வராது என்னும் அச்சமே. இவ்வச்சம் வீண் என்று நாம் சொல்லத் துணியோம். எனவேதான், முறையீட்டை எதிர்பாராமலே இயங்கும் இரண்டு ஏற்பாடுகளைச் சட்டத்தினும் பயனுடையனவாகக் கருதுகிறோம். ஒன்று, 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் புகுத்தி, 2024 ஏப்ரலில் நடப்புக்கு வந்த வருமான வரி விதி. குறு, சிறு உற்பத்தியாளர்க்குரிய காலத்தில் பணம் தராத நிறுவனம், அத்தொகையை அவ்வாண்டின் செலவாகக் காட்ட இயலாது. உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். ஆண்டு முடிவில் கணக்கரே முதலாளியிடம் நினைவூட்டுவார்!

மற்றொன்று, டிரெட்ஸ் எனப்படும் மின்வழிப் பட்டியல் சந்தை. பட்டியலை ஆலை அதில் ஒப்புக்கொண்டதும், வங்கிகள் போட்டியிட்டுக் கழிவு வீதம் கூறுகின்றன. பட்டறைக்காரர் கழிவு போக மீதியை விரைவில் பெறுகிறார். ஆலை பின்னர் வங்கிக்குக் கட்டுகிறது. ஆலை தவறினாலும் வங்கி பட்டறைக்காரரிடம் திரும்பி வருவதில்லை. ஆலையின் நாணயத்தைக் கொண்டே கழிவு அமைவதால், சொத்தில்லாத புதியவர்க்கும் குறைந்த வட்டி கிட்டுகிறது. 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் 2025 மார்ச் 31க்குள் இதில் சேர வேண்டுமென்று மத்திய அரசினர் 2024 நவம்பரில் ஆணையிட்டனர். உமது சரக்கை வாங்கும் ஆலை சேர்ந்துள்ளதா என்று கேட்பதில் பகை ஏதுமில்லை.

வெறும் கொள்முதல் விற்பனை செய்யும் வணிகர்க்கு ஒரு சொல். 2021 ஜூலையில் அவர்களும் உத்யம் பதிவுக்குள் சேர்க்கப்பட்டனர். ஆனால் வங்கியின் முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. 45 நாள் பாதுகாப்பு அவர்கட்கு அதனால் வாய்ப்பதில்லை.

வளர்ந்துவிட்டால் சலுகை போய்விடுமே என்று தொழிலைக் குறுக்கிக்கொள்வோரும் உளர். 1967 முதல் 2015 வரை சில பொருள்களைச் சிறு தொழிலுக்கே ஒதுக்கி வைத்த கொள்கையும் அவ்வாறே பலரைச் சிறியவராகவே நிற்கச் செய்தது. இப்போது நிலை மாறியிருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், இயந்திர முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை சிறு நிறுவனமே. அவ்வெல்லையைக் கடந்தாலும், வரி சாராத சலுகைகள் மூன்று ஆண்டுகளுக்குத் தொடருமென 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.