மலைக்கும் மத்திக்கும் ஒரே காற்று

நீலகிரி மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. ஆயினும் கூடலூரிலும் பந்தலூரிலும் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளில் சோற்றுக்குத் துணையாக அமைவது பெரும்பாலும் மலையாளக் கரையிலிருந்து கணவாய் வழியே ஏறி வரும் மத்தியும் கருவாடுமே. நேர்க்கோட்டில் அளந்து பார்த்தால் இம்மலையின் மேற்கு விளிம்பு அரபிக்கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில்தான் நிற்கிறது. இந்த அண்மையைக் காட்டிலும் நெருக்கமான ஓர் உறவு மலைக்கும் கடலுக்கும் இடையே உண்டு. நம் தேயிலைச் செடிகளைத் தளிர்க்கச் செய்யும் தென்மேற்குப் பருவக்காற்றே, கீழே சமுத்திரத்தின் ஆழத்தைக் கிளறி, கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி ஜீவராசிகளை விளைவித்து, அவற்றின் வாயிலாக மத்திக் கூட்டங்களையும் வளர்க்கிறது.

ஜூன் மாதம் பிறந்ததும் மேற்கிலிருந்து திரண்டு வரும் அக்காற்று, குந்தா, அவலாஞ்சி, தேவாலா ஆகிய பிரதேசங்களில் மோதி மேலெழுந்து, தான் சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் மழையாகக் கொட்டிவிடுகிறது. 2019 ஆகஸ்டு 8 அன்று அவலாஞ்சியில் இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் 82 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று என்பதிலிருந்தே அதன் வன்மையை ஒருவாறு உணரலாம். தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே உள்ள குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையையே பெரிதும் நம்பியிருக்கின்றன என்பதும், மலைமுகடு இக்காற்றை எவ்வளவு முழுமையாகத் தடுத்து நிறுத்துகிறது என்பதைக் காட்டும். மழையாக நம்மை வந்தடையுமுன் அக்காற்று கடலின்மீது நிகழ்த்தும் காரியத்தை நாம் காண்பதில்லை. ஆகையால் அதைப்பற்றி எண்ணுவதுமில்லை.

கடல்நீரில் எங்கும் ஒரே சீரான வளம் இருப்பதாக நினைப்பது தவறு. சூரிய ஒளி நன்றாக ஊடுருவுவது மேற்பரப்பின் சில பத்து மீட்டர் ஆழத்திற்கு மட்டுமே. தாவர இனங்கள் ஒளியின்றி உணவு சமைக்க இயலாதாகையால் கடலின் பயிரெல்லாம் அந்த மெல்லிய மேலடுக்கிலேயே விளைந்தாக வேண்டும். ஆனால் அப்பயிருக்கு வேண்டிய நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் முதலிய உப்புகளோ, இறந்த உயிர்களின் உடல்கள் அமிழ்ந்து சிதைவதால், இருளும் குளிரும் நிறைந்த கீழடுக்கில் தங்கிவிடுகின்றன. மேலே உள்ள வெதுவெதுப்பான நீர் இலேசானது. கீழே உள்ள குளிர்ந்த நீர் கனமானது. எனவே இரண்டும் தாமாகக் கலப்பதில்லை. அடியில் சர்க்கரை தங்கிய தேநீர், கலக்கிவிடும் வரையில் மேல்மிடற்றில் இனிக்காததைப் போன்ற நிலைமை இது. வங்காள விரிகுடாவில் பெருநதிகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் மேலே பரவி நின்று இக்கலப்பை மேலும் அரிதாக்குவதால்தான், அக்கடல் அரபிக்கடலின் அளவுக்கு மிதவையுயிர்களை விளைவிப்பதில்லை.

மேற்குக் கரையில் இந்தக் கலக்கும் வேலையைச் செய்வது பருவக்காற்றும் பூமியின் சுழற்சியுமாகும். அப்பருவக்காற்று கேரளக் கரையை அணுகுகையில் வடமேற்கிலிருந்து சாய்ந்து, கரையை ஒட்டித் தெற்கு நோக்கி வீசுகிறது. நீரும் அதே திசையில் போகவேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். எனினும் பூமி சுழன்றுகொண்டிருப்பதால், வட கோளத்தில் காற்றால் தள்ளப்படும் மேல்நீர் மொத்தமாகப் பார்க்குமிடத்து காற்றுக்கு வலப்புறமாக ஒதுங்குகிறது. ஸ்வீடன் தேசத்து விஞ்ஞானி எக்மன் இதன் கணிதத்தை 1905-இல் விளக்கினார். நம் மேற்குக் கரையில் வலப்புறம் என்பது ஆழ்கடலின் திசை. மேல்நீர் கரையை விட்டு விலகவே, அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறுகிறது. மே, ஜூன் மாதங்களில் குமரிமுனைப் பக்கத்தில் தொடங்கி மெல்ல மெல்ல வடக்கே பரவி, செப்டம்பர் வரையில் நீடிக்கும் இந்த மேலெழுச்சிக்குக் காற்றோடு, இலங்கையைச் சுற்றிக் கரையோரமாகவே நகர்ந்து வரும் நெடிய கடலலைகளும் துணைசெய்கின்றன.

உப்புகள் ஒளியைச் சந்தித்த மாத்திரத்தில் கடல் பசுமை கொள்ளத் தொடங்குகிறது. பிளாங்டன் என்று விஞ்ஞானிகள் வழங்கும் மிதவையுயிர்களில், சிலிகாவாலான ஓடு பூண்ட டயாட்டம் என்னும் நுண்தாவரங்கள் முதலில் பல்கிப் பெருகுகின்றன. பூமியில் நிகழும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய சரிபாதி இத்தகைய மிதவைத் தாவரங்களால் சமுத்திரத்திலேயே நடைபெறுகிறது என்பது, காடுகளையே பிராணவாயுவின் உறைவிடமாகக் கருதும் மலைவாசிகளுக்கு வியப்பளிக்கக்கூடும். டயாட்டங்களைத் தின்று கோப்பிபாட் முதலிய நண்டினத்துச் சிறு பிராணிகள் வளர்கின்றன. இவற்றுள் பல பகலில் ஆழத்தில் பதுங்கி, இரவில் மேலேறி மேயும் இயல்புடையவை. கடலோரப் பரதவர் நீவாடு என்று குறிப்பிடும் நீரோட்டம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறதோ அங்கேதான் மிதவையுயிர்கள் திரள முடியும். அவை திரளும் இடத்தைத்தான் மீன் தேடிச் செல்லும்.

மத்தி இந்தப் பருவத்தோடு தன் ஜீவியத்தையே பொருத்திக்கொண்ட மீன். ஜூன் தொடங்கி ஆகஸ்டு வரையிலான மாதங்களில் அது பெரிதும் முட்டையிடுகிறது. குஞ்சுகள் வெளிவரும்போது ஆகாரம் எங்கும் நிறைந்திருக்கிறது. செவுள்களில் உள்ள நெருங்கிய முள்வரிசையால் நீரை வடிகட்டி, டயாட்டங்களையே உட்கொள்ள வல்லது அது. பிராஜிலேரியா ஓஷியானிகா என்ற ஒரு குறிப்பிட்ட டயாட்டம் மிகுதியாகத் தோன்றுவது மத்தியின் மிகுதிக்கு அறிகுறி என்று நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1955-இலேயே எடுத்துக்காட்டினர். எனினும் மேலெழுச்சி அளவுக்கு மிஞ்சினால் அதுவே தீங்காகிவிடும். ஆழத்து நீரில் பிராணவாயு குறைவாதலால், அது கரையை நெருங்குகையில் அடித்தளத்து மீன்கள் மூச்சுத் திணறி இடம்பெயர்கின்றன. மிதமான காற்றும் மிதமான மழையும் தேயிலைக்கு உகந்தவை என்று நாம் சொல்வது போலவே, மத்திக்கும் மிதமே நன்மை.

நீரோட்டம் பருவத்தின் கடிகாரம் என்றால், ஓதம் நாளின் கடிகாரம். சந்திரனும் சூரியனும் ஆகர்ஷிப்பதால் ஏறக்குறைய பன்னிரண்டரை மணிக்கு ஒருமுறை கடல் பெருகி வற்றுகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அவ்விரு ஆகர்ஷணங்களும் ஒரே கோட்டில் சேர்வதால் பெருக்கு மிகுகிறது. காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் அளவுக்கு உயரும் ஓதம், கொச்சியில் ஒரு மீட்டரை ஒட்டியே நின்றுவிடுகிறது. ஆனால் அந்த ஒரு மீட்டரே எத்தனையோ உயிர்களுக்குப் போதுமானதாயிருக்கிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் பெருக்கின்மீது ஏறியே உப்பங்கழிகளுக்குள் புகுந்து வளர்கின்றன. எர்ணாகுளம் பக்கத்துப் பொக்காளி வயல்களில், நெல் அறுவடை முடிந்த பின்னர், இரவுப் பெருக்கின்போது மதகில் விளக்கேற்றி அக்குஞ்சுகளை உள்ளே ஈர்த்து வளர்க்கும் வழக்கம் உண்டு. சந்திரனின் போக்கை அறிந்து நெல்லும் இறாலும் ஒரே நிலத்தில் விளைவித்த அந்த விவசாயிகளின் ஞானம் போற்றத்தக்கது.

மலைக்கும் மத்திக்கும் உள்ள தொடர்பில் குன்னூருக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. சென்னை மாகாணத்தில் கூட்டுறவு இயக்கத்துக்கு வித்திட்ட சர் பிரெடரிக் நிக்கல்சன், உத்தியோகத்தின் இறுதிக் காலத்தில் மீன்வளத்தின்பால் மனத்தைச் செலுத்தி, 1905 முதல் அத்துறையின் ஆராய்ச்சிகளைத் தொடங்கி நடத்தினார். 1936-இல் மறையும் வரையில் குன்னூரிலேயே வாழ்ந்தார். அந்நாட்களில் மலபார்க் கரையில் மத்தி மலைமலையாகக் குவியும் ஆண்டுகளில், உண்ண ஆளின்றி மணலில் காயவைத்து எருவாக்குவது வழக்கமாயிருந்தது. தானூரில் ஒரு சோதனைக் கூடம் அமைத்து, புது மீனை வேகவைத்துப் பிழிந்து சுத்தமான எண்ணெயும் உரமும் எடுக்கும் முறையை அவர் கரைவாழ் மக்களுக்குக் காட்டினார். அவ்வுரம் மலைத்தோட்டங்களின் செடிகளுக்கும் இடப்பட்டது. ஆழ்கடலிலிருந்து மேலேறிய நைட்ரஜன், டயாட்டமாகி, மத்தியாகி, மலையேறி வந்து இலையாகவும் ஆயிற்று! அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல், ராமசாமி நாயுடுவுடன் சேர்ந்து 1923-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மத்தியின் வாழ்க்கையையும் மலபார்க் கடலின் மிதவையுயிர்களையும் ஒருங்கே ஆராய்ந்தார். மீனை அறிய விரும்புவோர் அதன் மேய்ச்சல் நிலத்தை முதலில் அறிய வேண்டும் என்ற உண்மை அவ்வாறு நம் கரையிலேயே நிலைநாட்டப்பட்டது.

அவ்வுண்மையின் அவசியம் இன்று முன்னிலும் பெரிது. கேரளத்தில் 2012-இல் சுமார் 4 லட்சம் டன்னாக இருந்த மத்தி வரவு, 2021-இல் சில ஆயிரம் டன்னாகச் சுருங்கி, அதன் பின்னரே மீண்டும் ஒரு லட்சம் டன்னைக் கடந்தது. பசிபிக் சமுத்திரத்தின் உஷ்ணம் ஏறும் எல் நினோ 2015-இல் வலுத்து நம் பருவக்காற்றைத் தளர்த்தியதும், பருவம் எய்தாத குஞ்சுகளை வாரி எடுத்ததும் சேர்ந்தே இவ்வீழ்ச்சிக்குக் காரணமாயின என்று கருதப்படுகிறது. காற்றின் போக்கு நம் ஆளுகைக்கு அப்பாற்பட்டது. வலையின் போக்கு அப்படியன்று. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடையும், பத்து செண்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கலாகாதென்று கேரளம் வகுத்துள்ள விதியும், முட்டையிடும் காலத்துக்கும் வளரும் குஞ்சுக்கும் மனிதன் செலுத்தவேண்டிய மரியாதையே.

மலைவாசிகளான நமக்கும் இதில் பங்குண்டு. நீலகிரியின் நீரெல்லாம் பவானி, மோயாறு வழியாகக் கிழக்கே போவதில்லை. கூடலூர்ப் பக்கத்துப் பாண்டியாறு, புன்னம்புழையாக இறங்கிச் சாலியாற்றில் கலந்து, பேப்பூரில் மத்திக் கடலையே சென்று சேருகிறது. நாம் தோட்டத்தில் தெளிக்கும் மருந்தும், சரிவிலிருந்து கரைந்தோடும் மண்ணும், ஓடையில் எறியும் கழிவும் அவ்வழியே போகின்றன. வேண்டிய அளவு உரம் இடுவதும், சோலைகளைக் காப்பதும், ஓடைக் கரைகளைச் செடி கொடியோடு விட்டுவைப்பதும் மலையின் நன்மைக்காகச் செய்யும் காரியங்கள் என்றே இதுகாறும் சொல்லி வந்திருக்கிறோம். ஒரே காற்றால் வாழும் மலையும் கடலும் ஒரே குடும்பமாதலால், இக்காரியங்கள் பேப்பூர்ப் பரதவனின் வலைக்கும் அவன் பிள்ளைகளின் உணவுக்கும் நாம் ஆற்றவேண்டிய கடமையும் ஆகும்.